பேசியது போதும் என்று யார் சொல்வது?

1999 நவம்பர் பொதுத்தேர்தல் முடிந்தபோது மலேசியாவின் ஜொகூர் சட்டமன்றத்தின் 40 இடங்களும் தேசிய முன்னணியிடம் இருந்தன. எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அடுத்த தேர்தலுக்குள் தொகுதிகள் 56 ஆகின. 2004 மார்ச்சில் அவற்றில் 55 மறுபடியும் தேசிய முன்னணிக்கே போயின. செங்காராங் என்ற ஒரே தொகுதி மட்டும் பாஸ் கட்சிக்குப் போட்டியின்றிக் கிடைத்தது. எல்லாரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவையில் பின்வரிசை உறுப்பினர்கள் தங்கள் ஊர்ச் சாலையையும் வடிகாலையும் பற்றிக் குறை சொல்லலாம். ஆனால் அரசு கொண்டுவரும் மசோதாவைத் தடுத்து நிறுத்த ஒருவரும் மணிக்கணக்கில் பேசப்போவதில்லை. விவாதத்தை எப்படி முடிப்பது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எதிர்த்தரப்பு வளர்ந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு உயிர் வந்தது. 2008இல் எதிர்வரிசையில் ஆறு பேர். 2013இல் 18 பேர். 2018இல் மாநில ஆட்சியே கைமாறி, நம்பிக்கைக் கூட்டணிக்கு 36 இடங்கள் கிடைத்தன. 2022 மார்ச் 12ஆம் தேதி நடந்த தேர்தலில் தேசிய முன்னணி 40 இடங்களோடு திரும்பி வந்தது. எதிரே நம்பிக்கைக் கூட்டணி 12, பெரிக்காத்தான் நேஷனல் 3, மூடா 1 என்று மொத்தம் 16 பேர். இந்தப் பதினாறு பேர் எவ்வளவு நேரம் பேசலாம்? அவர்களை யார் நிறுத்தலாம்? நிறுத்தினால் அவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? மக்களாட்சியின் பல பெரிய பேச்சுகள் கடைசியில் இந்த மூன்று சிறிய கேள்விகளில்தான் வந்து நிற்கின்றன.

இது அரசியல்வாதிகளின் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, மாநிலத்துக்கு உரிய விவகாரங்களைத் தனியாகப் பட்டியலிடுகிறது. நிலம், ஊராட்சி மன்றங்கள், காடு, ஆறு, சந்தை, இடுகாடு, சுடலை எல்லாம் அதில் அடங்கும். ஒரு கோயில் நிற்கும் நிலம் யாருடையது, தோட்டம் துண்டாடப்பட்டால் அங்கே குடியிருந்தவர்களுக்கு வீடு உண்டா, அங்காடிக் கடைக்கு உரிமம் தருவது யார் என்று ஜொகூர்த் தமிழர்களைத் தொடும் விஷயங்களில் பெரும்பகுதி கோலாலம்பூரில் முடிவாவதில்லை. அவை ஜொகூர்ச் சட்டமன்றம் இருக்கும் கோத்தா இஸ்கண்டாரில் முடிவாகின்றன. 2022 தேர்தலில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வென்ற தெங்காரோ, கஹாங், கெமெலா ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்கள் ஆளும் வரிசையில் அமர்ந்தார்கள். அவர்கள் பேசுவதற்கும் எதிர்வரிசைக்காரர்கள் பேசுவதற்கும் ஒரே கடிகாரம்தான்.

மசோதா ஒன்று சட்டமாவதற்கு எத்தனை படிகள் உண்டு என்று பார்த்தால் விவாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது விளங்கும். முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள், பேச்சு கிடையாது. இரண்டாம் வாசிப்பில்தான் அந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கொள்கை விவாதம் நடக்கும். அது தேறிய பிறகு முழு அவையும் ஒரு குழுவாக மாறி, விதி விதியாக எடுத்துப் பார்த்துத் திருத்தங்களைப் பேசும். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சடங்கு. உறுப்பினர்கள் பேசி முடித்த பின், பொறுப்பில் இருக்கும் அமைச்சரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ எழுந்து எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். பெங்குலுங்கான் என்று அவை வழக்கில் சொல்லப்படும் அந்தத் தொகுப்புரை தொடங்கிவிட்டால் கதவு சாத்தப்பட்டதாகவே பொருள். இடையில் எழுந்து வழி கேட்கலாம். பதில் சொல்பவர் விரும்பினால் வழி விடுவார், இல்லையென்றால் தொடர்ந்து பேசிக்கொண்டே போவார். அதன் பின் சபாநாயகர் கேள்வியை அவை முன் வைப்பார். ஆதரவுக் குரல், எதிர்ப்புக் குரல், முடிவு.

பேச்சை நிறுத்தும் அதிகாரம் அவைகளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நீண்ட வரலாற்றில், உறுப்பினர்கள் பேசி ஓய்ந்தால்தான் விவாதம் முடியும் என்ற நிலையே பல நூற்றாண்டுகள் நீடித்தது. அந்த ஏற்பாடு கண்ணியத்தை நம்பி இருந்தது. அதை உடைத்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். தங்கள் நாட்டின் துயரத்தை இலண்டன் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதால், இலண்டன் வேறு எதையும் பேச முடியாதபடி செய்வது என்று சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெலும் அவருடைய தோழர்களும் முடிவு செய்தார்கள். ஜோசப் பிகர் என்ற உறுப்பினர் 1875லேயே அரசு அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக வாசித்து நேரத்தைக் கரைத்துக் காட்டியிருந்தார்.

1881 ஜனவரி 31, திங்கட்கிழமை. அயர்லாந்தில் விசாரணையின்றி ஆட்களைக் காவலில் வைக்க வழி செய்யும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய அமர்வு இரவு கடந்து, மறுநாள் கடந்து, மறு இரவும் கடந்து போயிற்று. அயர்லாந்து உறுப்பினர்கள் முறை வைத்துத் தூங்கினார்கள், முறை வைத்துப் பேசினார்கள். புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாற்பத்தொன்றரை மணி நேரம் ஆன நிலையில், சபாநாயகர் ஹென்றி பிராண்ட் எழுந்தார். இனி யாரையும் பேச அழைக்கப் போவதில்லை, கேள்வியை வாக்குக்கு விடுகிறேன் என்றார். அப்படிச் செய்ய அவருக்கு எந்த எழுதிய விதியும் இடம் கொடுக்கவில்லை. அவையின் மானத்தைக் காக்கிறேன் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. அடுத்த நாள் ஒரே அமர்வில் 36 அயர்லாந்து உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்தக் காலைப் பொழுதின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காமன்வெல்த் நாடுகளின் அவைகளில் உள்ள விவாத முடிப்பு விதிகள். 1882இல் பிரிட்டன் அந்த விதியை எழுத்தில் கொண்டுவந்தது. 1887இல், மறுபடியும் ஓர் அயர்லாந்து மசோதாவுக்காக, இன்ன தேதிக்குள் இன்ன பகுதி முடிந்தாக வேண்டும், முடியாவிட்டால் விவாதமில்லாமலே வாக்கெடுப்பு என்ற கால அட்டவணை முறையும் வந்தது. அதற்குக் கில்லட்டின் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஒடுக்கப்பட்ட ஒரு சிறுபான்மையின் குரலை அடக்கப் பிறந்த கருவிகள் இவை என்பதை மறக்கக் கூடாது. அதே சமயம், முடிவே இல்லாமல் பேசினால் எந்த அரசும் ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியாது என்பதும் உண்மை. வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறியாக வேண்டும். பதினாறு பேர் நாற்பது பேரைக் காலவரையின்றிக் கட்டிப்போட முடியுமென்றால் தேர்தல் நடத்தியதற்கே பொருளில்லை. ஆகவே முடிப்பு விதி வேண்டும் என்பதில் தகராறு இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது, பூட்டும் முன் அவர் யாரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விதியை எழுதியவர்களுக்கும் அந்தக் கவலை இருந்தது. மலேசிய மக்களவையின் கூட்ட விதிகளிலும் பிரிட்டிஷ் விதியின் சாயல் அப்படியே உண்டு. ஓர் உறுப்பினர் எழுந்து, கேள்வியை இப்போதே வாக்குக்கு விடலாம் என்று முன்மொழியலாம். ஆனால் அது விதிகளைத் தவறாகப் பயன்படுத்துவதாகவோ சிறுபான்மையினரின் உரிமையைப் பறிப்பதாகவோ சபாநாயகருக்குத் தோன்றினால் அவர் அதை ஏற்க வேண்டியதில்லை. சிறுபான்மை என்று இங்கே குறிக்கப்படுவது இனமோ மொழியோ அல்ல. அவையில் எண்ணிக்கை குறைந்த தரப்பு. பிரிட்டனில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. முடிப்புத் தீர்மானத்தை ஆதரித்துக் குறைந்தது நூறு பேர் வாக்களித்திருந்தால்தான் அது செல்லும்.

அமெரிக்காவின் மேலவை எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டது. 1917 வரை அங்கே பேச்சை நிறுத்த வழியே இல்லை. அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 1975 முதல் நூறு பேரில் அறுபது பேர். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த உயரமான வேலியை நெடுங்காலம் பயன்படுத்திக்கொண்டவர்கள் கறுப்பின மக்களுக்கு உரிமை கிடைக்கக் கூடாது என்று நின்றவர்கள். 1957இல் ஸ்ட்ரோம் தர்மண்ட் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் தனியாளாகப் பேசினார். 1964 ஜூன் 10ஆம் தேதி 71க்கு 29 என்ற வாக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்ட பிறகே குடிமை உரிமைச் சட்டம் அந்த அவையைத் தாண்டியது. பேச்சை நிறுத்துவது எப்போதும் கொடுமை, பேசவிடுவது எப்போதும் அறம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாததற்கு இந்த ஒரு வரலாறு போதும்.

மலேசிய அவைகளில் முடிப்புத் தீர்மானம் என்ற பெயரோடு யாரும் எழுந்து நிற்பது அரிது. தேவைப்படுவதில்லை. ஓசையில்லாத வேறு வழிகள் இருக்கின்றன. பேச்சாளருக்கு இத்தனை நிமிடம் என்று சபாநாயகர் அளந்து கொடுக்கலாம். அரசின் அலுவலே முதலில் என்ற விதியால், எதிர்க்கட்சி கொடுத்த தீர்மானம் நிகழ்ச்சி நிரலின் அடியிலேயே கிடந்து, கூட்டத்தொடர் முடியும்போது தானாக மறையலாம். கூட்டத்தை இரவு தாண்டி நீட்டலாம். 2015 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் வந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்க வழி செய்யும் அந்த மசோதா பத்து மணி நேரத்துக்கும் மேல் விவாதிக்கப்பட்டு, அதிகாலை இரண்டு மணி தாண்டி 79க்கு 60 என்ற வாக்கில் நிறைவேறியது. மொத்தம் 222 பேர் கொண்ட மக்களவை அது. நாடு உறங்கும் நேரத்தில் கூட்டித் தள்ளினால் 139 பேர்தான் மிஞ்சுகிறார்கள். விதியை யாரும் மீறவில்லை. இருந்தாலும் தனிமனித சுதந்திரத்தைப் பற்றிய சட்டத்தை வெளிச்சத்தில் வைத்துப் பேசி முடித்திருக்க வேண்டும்.

விவாதம் முடியும் கணத்தில் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்பதும் இதன் ஒரு பகுதிதான். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று பதிவாவதில்லை. சத்தம் எது பெரிது என்று சபாநாயகரின் காது முடிவு செய்கிறது. தலையை எண்ண வேண்டும் என்றால் மக்களவையில் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். பெலா பஹாகியான் எனப்படும் அந்த முறையில்தான் ஒவ்வொரு பெயரும் ஏட்டில் ஏறும். 2020 நவம்பர் 26ஆம் தேதி நடந்ததை மலேசியர் பலர் நேரலையில் பார்த்தார்கள். 322.5 பில்லியன் ரிங்கிட் வரவு செலவுத் திட்டம். அதை எதிர்க்கிறோம் என்று வாரக்கணக்கில் சொல்லிவந்த எதிரணியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அப்போதைய பிரதமர் முகிடின் யாசினின் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்று நாடே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளை அது. கொள்கை அளவிலான விவாதம் முடிந்து குரல் வாக்கெடுப்பு வந்தபோது தலை எண்ணக் கோரி எழுந்தவர்கள் 13 பேர் மட்டுமே. இரண்டு பேர் குறைந்தார்கள். மசோதா அப்படியே தாண்டிப் போயிற்று. டிசம்பர் 15ஆம் தேதி இறுதிக் கட்டத்தில் தலைகள் எண்ணப்பட்டபோது கிடைத்த விடை 111க்கு 108. மூன்றே வாக்கு. நவம்பரில் எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது வேறு விஷயம். தன் எதிர்ப்பைப் பெயரோடு பதியவைக்கும் உரிமையை ஒரு தரப்பு அன்று தானாகவே கைவிட்டது என்பதே அதைப் பார்த்த வாக்காளர்களுக்கு உறுத்தியது.

சபாநாயகர் தவறு செய்தால்? நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். அரசியலமைப்பின் 72ஆவது விதி, மாநிலச் சட்டமன்ற நடவடிக்கை எதன் செல்லுபடியையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. நாடாளுமன்றத்துக்கு 63ஆவது விதி அதே கவசத்தைத் தருகிறது. அவைக்குள் கேட்க ஆளில்லை என்றால் வெளியிலும் கேட்க ஆளில்லை என்ற இந்த நிலை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2009இல் பேராக் காட்டியது. அந்தக் கதையின் இரு முனைகளிலும் நின்றவர்கள் தமிழர்கள்.

வி. சிவகுமார் 2008இல் பேராக் சட்டமன்றத்தின் சபாநாயகரானார். மலேசியாவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குச் சபாநாயகரான முதல் இந்தியர் அவர். 59 இடங்களில் 31ஐ வைத்திருந்த மக்கள் கூட்டணி அரசு, 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் விலகியதும் பெரும்பான்மையை இழந்தது. சட்டமன்றத்தைக் கலைக்கும்படி மாநில முதல்வரான மந்திரி பெசார் நிசார் ஜமாலுடின் கேட்டார், சுல்தான் இசையவில்லை. ஸாம்ரி அப்துல் காதிர் புதிய மந்திரி பெசாராகப் பதவியேற்றார். சிவகுமார் தம் கையில் இருந்த கருவியை எடுத்தார். ஸாம்ரியையும் ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் அவையிலிருந்து இடைநீக்கம் செய்தார். மார்ச் 3ஆம் தேதி அவைக் கட்டடத்தின் வாசல் அடைக்கப்பட்டிருந்ததால், சபாநாயகர் உடையோடு அருகிலிருந்த ஒரு மரத்தடியில் கூட்டத்தை நடத்தினார். சட்டமன்றத்தைக் கலைக்கக் கோரும் தீர்மானம் அங்கே நிறைவேறியது.

ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த இடைநீக்கம் செல்லாது என்றது. நீதிமன்றம் நுழையக் கூடாது என்று எழுதப்பட்டிருந்த கதவுக்குள் நீதிமன்றம் நுழைந்தது சரியா என்று சட்டம் படித்தவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மே 7ஆம் தேதி ஈப்போவில் அவை கூடியது. சிவகுமார் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். அவரை நீக்கி ஆர். கணேசனைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்ததாக எதிர்த்தரப்பு அறிவித்தது. ஒரே அவையில் இரண்டு சபாநாயகர்கள், இரண்டு கட்டளைகள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத கூச்சல். கடைசியில் சிவகுமார் அவைக்கு வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். அரச உரை நிகழ்த்த வந்திருந்த இளவரசர் ராஜா நஸ்ரின் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. விவாதத்தை முடிக்கும் அதிகாரத்தை இரு தரப்பும் தம்முடையது என்று உரிமை கோரினால் கடைசியில் தசைபலம்தான் முடிவு செய்யும் என்பதை அந்த நாள் நேரடியாகக் காட்டியது. மலேசியத் தமிழ்ச் சமூகம் அன்று இரண்டு பக்கமும் தன் ஆட்களைப் பார்த்துத் தவித்தது.

இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி. அங்கே கில்லட்டின் என்பது அன்றாடச் சொல். மக்களவையில் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில் குறித்த நேரம் வந்ததும், பேசப்படாமல் மீந்துபோன துறைகள் எல்லாம் ஒன்றாகக் கட்டி வாக்குக்கு விடப்படும். 2018 மார்ச் 14ஆம் தேதி இது உச்சத்துக்குப் போனது. அவை அமளியில் இருந்தது. சுமார் அரை மணி நேரத்தில், விவாதம் ஏதுமின்றி, நாட்டின் அந்த ஆண்டு ஒதுக்கீடுகளும் நிதி மசோதாவும் நிறைவேறின. பாதுகாப்பு, வேளாண்மை, கல்வி என்று எதற்கும் ஒரு நிமிடமும் தனியே கிடைக்கவில்லை. கூச்சலிட்டு அவையை முடக்கிய எதிர்க்கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. அரசிடமிருந்து பதில் வாங்கித் தரக்கூடிய நேரத்தை அவர்களும் சேர்ந்துதான் வீணாக்கினார்கள்.

2020 செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில் நடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தி.மு.க.வின் திருச்சி சிவா உட்படச் சிலர் தீர்மானம் கொடுத்திருந்தார்கள். தலையை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தன. அவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ், உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று காரணம் காட்டிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். அவைக்குள் அடங்கிய சத்தம் டெல்லியின் எல்லைச் சாலைகளில் விவசாயிகளின் போராட்டமாக ஓராண்டுக்கு மேல் நீடித்தது. 2021 நவம்பர் 29ஆம் தேதி அதே சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அன்று விவாதமே இல்லை. வந்த சட்டம் தலை எண்ணப்படாமல் வந்தது, போன சட்டம் பேசப்படாமல் போனது. ஏன் கைவிட்டோம் என்பதை அரசு நாடாளுமன்ற விவாதத்தில் விளக்கிய பதிவு எதிர்காலத்துக்குக் கிடைக்கவில்லை.

ஜொகூருக்குத் திரும்பினால், கண்ணுக்குப் புலப்படும் முடிப்பு விதிகளைவிடப் பெரிய ஒன்று இந்த மாநிலத்தில் இருமுறை முன்னுக்கு வந்திருக்கிறது. அது கலைப்பு. 2020 பிப்ரவரி இறுதியில் கூட்டணிகள் மாறி, ஹஸ்னி முகமது மந்திரி பெசாரானபோது ஆளும் தரப்பின் பெரும்பான்மை மிக மெல்லியது. அந்த ஆண்டு மே 14ஆம் தேதி சட்டமன்றத்தைத் தொடக்கிவைத்த சுல்தான் இப்ராஹிம், பதவிச் சண்டை தொடர்ந்தால் அவையைக் கலைத்துவிடத் தயங்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். கோவிட் காலம், மக்கள் பிழைப்பை இழந்து நின்ற நேரம். அந்த எச்சரிக்கைக்குப் பொதுமக்களிடம் வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. முன்னாள் மந்திரி பெசார் ஒஸ்மான் சாபியான் 2021 டிசம்பரில் காலமானபின் கணக்கு 28க்கு 27 என்று ஆனது. 2022 ஜனவரி 22ஆம் தேதி அவை கலைந்தது.

கலைப்பு வந்தால் பாதியில் நிற்கும் மசோதாக்கள் விழுந்துவிடும். எதிர்க்கட்சி கொடுத்த தீர்மானமும் கேள்வியும் சேர்ந்தே போகும். பேசிக்கொண்டிருந்தவர்களையே அவையை விட்டு வெளியேற்றி, யார் பேச வேண்டும் என்பதை மக்களிடமே திருப்பிக் கேட்பது இது. அந்த அளவில் மற்ற எல்லா முறைகளையும்விட நேர்மையானது. ஆனால் எப்போது கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஆட்சியில் இருப்பவருக்குத்தான் உண்டு. அவை கூடாமலே இருந்துவிடும் ஆபத்துக்கு அரசியலமைப்பு ஒரு வேலி போட்டிருக்கிறது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் கடக்கக் கூடாது. ஆறு மாதத்தில் ஒருநாள் கூடினாலும் விதி நிறைவாகிவிடும் என்பது அந்த வேலியில் உள்ள ஓட்டை. 2020 மே 18ஆம் தேதி நாடாளுமன்றமே மாமன்னரின் உரையைக் கேட்க ஒருநாள் மட்டும் கூடி, விவாதம் ஏதுமின்றி அன்றே முடிந்தது.

இத்தனைக்கும் ஜொகூர் புதிதாக விதி படிக்கும் மாநிலமல்ல. சுல்தான் அபு பக்கார் 1895இல் எழுத்து வடிவில் அரசியல் சட்டம் தந்தார். மலாய் மாநிலங்களில் அதுவே முதல். விவாதத்துக்குக் கொஞ்சம் காலம் கொடுத்தால் என்ன பயன் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2014 ஜூனில் மாநில வீடமைப்பு, நிலச்சொத்து வாரியத்தை அமைக்கும் மசோதா வந்தது. வாரிய நியமனம் முதலிய நிர்வாக அதிகாரங்கள் அரண்மனைக்கு நேரடியாகப் போகலாமா என்ற கேள்வி வழக்கறிஞர்களிடமிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் எழுந்தது. அவையின் 56 பேரில் 38 பேர் அன்று ஆளும் தரப்பு. நினைத்திருந்தால் ஒரே பிற்பகலில் முடித்திருக்கலாம். வெளியே நடந்த பேச்சு காதில் விழுந்ததால் அரசே திருத்தங்களைக் கொண்டுவந்து, திருத்திய வடிவத்தையே அவையில் நிறைவேற்றியது. மசோதாவின் வாசகம் முன்கூட்டியே வெளியில் தெரிந்ததால்தான் இது நடந்தது. உறுப்பினரின் மேசைக்குக் காலையில் வந்து மாலையில் வாக்குக்குப் போகும் மசோதாவை எந்த வழக்கறிஞரும் படித்திருக்க முடியாது, எந்தப் பத்திரிகையும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

இன்னொரு சான்றும் ஜொகூர்க்காரர் ஒருவரோடு சேர்ந்தது. மூவார் நாடாளுமன்ற உறுப்பினரும் அன்றைய இளைஞர் அமைச்சருமான சைட் சாடிக், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலையில் கொண்டுவந்தார். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் வேண்டும். அரசிடம் அவ்வளவு இல்லை. எதிர்க்கட்சிகள் தங்கள் கோரிக்கைகளை வைத்தன. மசோதா மாற்றி எழுதப்பட்டது. வாக்காளராகத் தானாகவே பதிவாகும் ஏற்பாடும், வேட்பாளர் வயதைக் குறைப்பதும் அதில் சேர்ந்தன. ஜூலை 16ஆம் தேதி வாக்கெடுப்பில் 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. விவாதத்தை யாரும் வெட்டவில்லை, யாரும் இழுத்தடிக்கவும் இல்லை. எதிர்த்தரப்பின் கை இல்லாமல் எண்ணிக்கை நிறையாது என்ற ஒரே காரணம், இரு தரப்பையும் அவைக்கு வெளியே மேசைக்கு அழைத்து வந்தது. சாதாரணச் சட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாற்பது பேர் இருக்கும் அவையில் பதினாறு பேரின் கை தேவைப்படுவதில்லை. ஆகவே அங்கே அந்தப் பதினாறு பேருக்கு உரிய நேரத்தையும், மசோதாவை முன்கூட்டியே படிக்கும் வாய்ப்பையும், குழுக்களில் இடத்தையும் விதியாகவே எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஆளும் தரப்பின் பெருந்தன்மையை நம்பி விடக் கூடாத விஷயம் இது. 2018இல் 36 பேராக ஆண்டவர்கள் நான்கே ஆண்டுகளில் 12 பேராக எதிரே உட்கார்ந்தார்கள். இன்று ஆள்பவர்களுக்கும் ஒருநாள் அந்த விதி தேவைப்படும்.

வயதைக் குறைத்த திருத்தம் நடைமுறைக்கு வரத் தாமதமானது. இளைஞர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 டிசம்பர் 31க்குள் அமல்படுத்துமாறு கூச்சிங் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பர் 15ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அதன்படி 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல், கோத்தா இஸ்கண்டாரின் 56 நாற்காலிகளுக்காக 2022 மார்ச்சில் நடந்த அதே ஜொகூர்த் தேர்தல். ஏறத்தாழ 26 லட்சம் பேர் கொண்ட வாக்காளர் பட்டியலில் அன்று வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர்.